10 லிட்டரில் ஒரு கணினி

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இரண்டாவது மாடி அறை. மூன்று கட்டில், ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. அனிமேஷன் படிக்கிற என் அக்கா மகனுக்கு அந்த அறையில் பங்காகக் கிடைத்தது இரண்டடி அகல மேசை. மானிட்டரும் கீபோர்டும் வைத்த பிறகு அதில் மிஞ்சுவது ஒரு சாண் இடம். சிபியு கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

“மாமா, மேல வைக்க இடமில்ல. கீழ வச்சா எலி வயரக் கடிக்குது. லீவுக்கு ஊருக்குத் தூக்கிட்டுப் போலாம்னா வைகை எக்ஸ்பிரஸ்ல ஏத்தவே ரெண்டு ஆளு வேணும்.”

லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். கூடப் படிக்கும் பையனின் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் போய்விட்டதாம். அது போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது என்பதால் மொத்த போர்டையும் மாற்றச் சொல்லிவிட்டார்களாம். இரவு முழுக்க ரெண்டர் ஓடுகிற வேலை வேறு. அவன் கேட்டது இதுதான்: பெரிய சிபியு செய்கிற வேலையைச் செய்ய வேண்டும், முதுகுப் பையில் அடங்க வேண்டும், ஏதாவது பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடிய வேண்டும்.

கணினிச் சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் மேன்ஷனிலிருந்து நடந்து போகிற தூரம். மாமனும் மருமகனும் கிளம்பினோம், கையில் ஒரு இஞ்ச் டேப்போடு. அன்று எடுத்துப்போன பொருள்களிலேயே அதிகம் உதவியது அந்த டேப்தான்.

பெட்டிக்குள் இருப்பது காற்று

நம் வீடுகளில் மொத்தப் பெட்டிக்கும் சிபியு என்றுதான் பெயர். உண்மையான சிபியு உள்ளங்கையின் நடுவில் அடங்கிவிடும். ஏஎம்டியின் இன்றைய ரைசன் சிப் 4 செ.மீ.க்கு 4 செ.மீ. அவ்வளவே. எஸ்எஸ்டி ஒரு சூயிங்கம் பட்டை அளவு. பழைய பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். டிவிடி டிரைவுக்கென ஒதுக்கிய மாடம் காலி, ஹார்டு டிஸ்க் அடுக்குகள் காலி. ஏழு விரிவாக்கத் துளைகளில் ஒன்றில்தான் கார்டு இருந்தது. மற்றதெல்லாம் காற்று, அதன்மேல் இரண்டு வருடத் தூசி.

இப்படிப் பெரிதானதற்குக் காரணம் உண்டு. இன்டெல் 1995-ல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவில் மதர்போர்டு 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம். அந்தக் காலத்தில் ஒலிக்கு ஒரு கார்டு, மோடத்துக்கு ஒரு கார்டு, நெட்வொர்க்குக்கு ஒரு கார்டு என்று செருகிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் இடம் விட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே மதர்போர்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. பெட்டி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சிறியதாகச் செய்து பார்க்கும் ஆசையும் பழையதுதான். ஆப்பிள் 2000-ம் ஆண்டு ஜூலையில் பவர் மேக் ஜி4 கியூப் என்ற கணினியைக் கொண்டுவந்தது. கண்ணாடி போன்ற உறைக்குள் மிதக்கும் ஒரு கனசதுரம். அதில் மின்விசிறியே கிடையாது. கீழிருந்து குளிர்ந்த காற்று நுழைந்து, சூடேறி, புகைபோக்கி போல மேல்வழியே வெளியேறும். அழகில் அதற்கு இணையில்லை. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில்கூட இடம்பிடித்தது. ஆனால் ஆரம்ப விலையே 1,799 டாலர். எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஒரே வருடத்தில், 2001 ஜூலையில், உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

அதே 2001-ல் தைவானின் வியா டெக்னாலஜீஸ் செய்த காரியம் சத்தமில்லாதது, நிலைத்தது அதுதான். 170 மி.மீ.க்கு 170 மி.மீ. என்று ஒரு சதுர மதர்போர்டு அளவை வகுத்து, மினி ஐடிஎக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பரப்பில் ஏடிஎக்ஸில் ஐந்தில் இரண்டு பங்குகூட வராது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் தங்கள் சிப்புகளுக்காக அவர்கள் செய்த அளவு அது. பின்னாளில் விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் ஓடும் வேகமான கணினிகளை அந்தச் சதுரத்தின் மேல்தான் எழுப்பினார்கள்.

அந்தச் சதுரத்துக்கேற்ற சிறிய பெட்டிகளில் சிலவற்றைச் செய்தவர்கள் தனியாட்கள். 2013 வாக்கில் என்கேஸ் எம்1 என்ற பெட்டி, வாங்க விரும்பியவர்களே முன்பணம் கட்டியதால் உருவானது. கொள்ளளவு 12.6 லிட்டர். ஜெர்மனியின் டேனியல் ஹான்சன் தன் மேசைக்கு வேண்டிய பெட்டி கடையில் கிடைக்காததால் தானே வரைந்தார். 2016-ல் அதற்கும் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 7.2 லிட்டர் கொண்ட அந்த ஏ4-எஸ்எஃப்எக்ஸ் பெட்டியையும், முந்தைய எம்1 பெட்டியையும் தயாரித்துக் கொடுத்தது தைவானின் லியான் லி. ஹான்சன் பெட்டியில் மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். இரண்டையும் இணைப்பது ரைசர் கேபிள் என்ற தட்டையான பட்டை. இன்றைய சிறிய பெட்டிகளில் பல இந்த அமைப்பைப் பின்பற்றுபவைதான்.

லிட்டர் என்று சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். இந்தத் துறையில் பெட்டியை அப்படித்தான் அளக்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 20 லிட்டருக்குள் இருந்தால்தான் சிறிய பெட்டி என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் எல்லை. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாசலில் வந்து இறங்குகிறதே, அந்தத் தண்ணீர் கேன்தான் 20 லிட்டர். சாதாரண டவர் கேபினெட் அப்படி இரண்டு கேன். நாங்கள் தேர்ந்தெடுத்தது 10 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது அரை கேன்.

வாங்கும்முன் அளந்தது

கடைக்காரர் நல்ல மனிதர். “சார், டவர் போட்டுக்குங்க. இதே பணத்துல இன்னும் பெரிய கார்டு வரும்” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஒரே வேலையைச் செய்யும் மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ் அளவில் வேண்டுமென்றால், எங்களுக்குச் சொன்ன விலை சாதாரண போர்டைப் போல் ஒன்றரை மடங்கு. ராம் செருக இரண்டே இடம். கார்டு செருக ஒரே இடம். சின்னதுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்தேதான் இதில் இறங்க வேண்டும்.

பெரிய பெட்டிக்கு வாங்கும்போது எது வேகம், எது மலிவு என்று மட்டும் பார்த்தால் போதும். இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் மில்லிமீட்டர் கேட்க வேண்டும். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம். சிறிய பெட்டிகளுக்கான எஸ்எஃப்எக்ஸ் வகை 125 மி.மீ. அகலம், 63.5 மி.மீ. உயரம், 100 மி.மீ. நீளம். பாதிக்கும் குறைவான இடத்தில் அதே சக்தி. எஸ்எஃப்எக்ஸ்-எல் என்று ஒரு வகை உண்டு, அது 130 மி.மீ. நீளம். பெயரைப் பார்த்து ஒன்றுதான் என்று நினைத்து வாங்கினால் 30 மி.மீ. இடிக்கும், அந்த 30 மி.மீ. வழியாகத்தான் வயர் போக வேண்டியிருக்கும்.

சிபியு மேல் உட்காரும் குளிர்விப்பானின் உயரம், கார்டின் நீளம், கார்டின் தடிமன் மூன்றும் கேபினெட்டின் விவரத்தாளில் இருக்கும். மருமகன் அதை நோட்டில் எழுதி வைத்திருந்தான். எழுதாமல் விட்ட ஒன்று உண்டு: கார்டின் மேல் விளிம்பில் செருகும் மின் இணைப்பின் உயரம். கார்டு உள்ளே போய்விடும், பிளக்கைச் செருகி வயரை மடக்கும்போது பக்கவாட்டுத் தகடு மூடாது. கடையிலேயே பிளக்கோடு சேர்த்து டேப் வைத்துப் பார்த்துத்தான் ஒரு கார்டை ஒதுக்கிவிட்டு, இன்னொன்றை எடுத்தோம்.

கடைசியில் பையில் ஏறியவை: 65 வாட் வகை ரைசன் 5 7600 சிப், மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு, 32 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, 47 மி.மீ. உயரக் குளிர்விப்பான், இரண்டு விசிறி கொண்ட குட்டையான ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ். கார்டு அதிகபட்சம் எடுப்பது 115 வாட்தான் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம்.

ஒரு வயர், இரண்டு மணி நேரம்

அசெம்பிள் செய்வது எனக்குப் புதிதில்லை. டவர் பெட்டியில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். இந்தச் சின்னப் பெட்டி ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எடுத்துக்கொண்டது.

பெரிய பெட்டியில் எதை முதலில் மாட்டினாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம், கை உள்ளே போகும். இங்கே கை போகாது, இரண்டு விரல்தான் போகும். அதனால் வரிசை தவறவே கூடாது. எங்கள் போர்டில் ஒரு எஸ்எஸ்டி இடம் பின்பக்கம் இருந்தது. போர்டை முடுக்கிய பிறகு அதைத் தொடவே முடியாது. அதை ஞாபகமாக முதலில் செய்தோம். ராம், சிப், தெர்மல் பேஸ்ட், குளிர்விப்பான் எல்லாம் வெளியிலேயே மாட்டி, போர்டைப் பெட்டிக்குள் இறக்கி, நாலு ஸ்க்ரூவையும் முடுக்கி, நிமிர்ந்து பார்த்தபோது மருமகன் கையில் ஒரு வயர் இருந்தது.

சிபியு-வுக்கு மின்சாரம் தரும் எட்டு முனை வயர் அது. அதற்கான சாக்கெட் போர்டின் மேல் மூலையில். அதன் ஒரு பக்கம் குளிர்விப்பானின் தகடுகள், மறுபக்கம் பெட்டியின் சட்டம், மேலே எஸ்எம்பிஎஸ். இடைவெளி விரல் தடிமன்கூட இல்லை. குறடு வைத்துப் பிடித்துப் பார்த்தோம். பிளக்கின் கொக்கி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, டார்ச் அடித்தால் கை மறைத்தது. பாதி உள்ளே போய் நின்றது. பாதி செருகிய மின் இணைப்பை அப்படியே விட்டால் சூடேறி உருகும், விடக்கூடாது. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றினோம். குளிர்விப்பானைத் தூக்கியதும் பூசிய பேஸ்ட் கெட்டுவிட்டது. துடைத்து, வயரை முதலில் செருகி, ‘டிக்’ சத்தம் கேட்ட பிறகு மறுபடி பேஸ்ட் பூசி, மறுபடி மாட்டி, மறுபடி இறக்கினோம். ஒரு வயருக்கு இரண்டு மணி நேரம். இதைப் படிக்கிறவர்களில் ஒருவருக்காவது அந்த இரண்டு மணி நேரம் மிச்சமாகட்டும்: எட்டு முனை வயர் முதலில், குளிர்விப்பான் பிறகு.

இருட்டிய பிறகு ஆன் செய்தோம். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றுமில்லை. அவன் முகம் வாடிவிட்டது. கார்டு போச்சா மாமா என்றான். கார்டு நன்றாகத்தான் இருந்தது. கேபினெட்டோடு வந்த ரைசர் கேபிள் பழைய மூன்றாம் தலைமுறை வகை. கார்டும் போர்டும் நான்காம் தலைமுறை வேகத்தில் பேச முயன்றன. அந்த வேகத்தை அந்தப் பட்டை தாங்கவில்லை. ரைசன் 7600-க்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் வசதி ஒன்று இருப்பது நல்லதாகப் போயிற்று. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாற்றிச் செருகி, பயோஸ் திறந்து, அந்தத் துளையின் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினோம். படம் வந்தது. வேகக் குறைவு அவன் வேலையில் கண்ணுக்குத் தெரியவே இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல கார்டைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

கத்திரி வெயிலில் கணினி

உண்மையான பரீட்சை மே மாதம் வந்தது.

சிறிய பெட்டிகளைப் பற்றி வெளிநாட்டவர் செய்யும் வீடியோக்களை மருமகன் மனப்பாடமாகப் பார்த்திருந்தான். “சிபியு 80 டிகிரிதான் மாமா போகுது” என்பான். அந்த 80 எந்த அறையில் அளந்தது என்று கேட்டேன். பெரும்பாலும் 20, 22 டிகிரி குளிர் அறை. கத்திரியில் திருவல்லிக்கேணியின் இரண்டாவது மாடி பகல் இரண்டு மணிக்கு 34, 35 டிகிரி. விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பெட்டிக்குள் போவது அறைக்காற்றுதான். அறை 13 டிகிரி கூடினால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அதே 13 டிகிரி கூடும். அங்கே 80 என்றால் இங்கே 93.

அப்படியேதான் ஆனது. பிளெண்டர் மென்பொருளில் ரெண்டர் போட்ட சில நிமிடங்களில் சிபியு 95-ல் போய் முட்டி நின்றது. அந்தச் சிப்புக்கு ஏஎம்டி வகுத்த எல்லையே 95 டிகிரிதான். அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், எரிந்துவிடாது. ஆனால் விசிறி அலறியது. சின்ன விசிறி அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றியாக வேண்டும். அந்தச் சத்தம் கீச்சென்று காதைத் துளைக்கும். அடுத்த கட்டிலில் தூங்குகிறவன் இரண்டு நாள் பொறுத்தான்.

அதைச் சரிசெய்தது இரண்டு காரியம். ஒன்று, சிபியு இழுக்கும் மின்சாரத்துக்குக் கடிவாளம். 65 வாட் என்று அட்டையில் போட்டிருந்தாலும் இந்த வகைச் சிப் முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்கும். பயோஸில் அந்த 88-ஐ அழித்து 65 என்று எழுதினோம். வேகம் பெரிதாகக் குறையும் என்று மருமகன் பயந்தான். ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடியது. காரணம் எளிது. சிப் செலவழிக்கும் மின்சாரம் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப ஏறும். கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காக வோல்டேஜை ஏற்றும்போது வெப்பம் பாய்ந்து ஏறுகிறது. அந்தக் கடைசிக் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் போதும்.

இரண்டாவது காரியத்துக்கு ஆன செலவு பத்து ரூபாய். குளிர்விப்பானின் விசிறிக்கும் பக்கவாட்டுச் சல்லடைத் தகடுக்கும் நடுவே 8 மி.மீ. இடைவெளி இருந்தது. வெளிக்காற்றை இழுக்க வேண்டிய விசிறி, அந்த இடைவெளி வழியாகப் பெட்டிக்குள் இருந்த சூடான காற்றையே மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தால் தெரிந்தது. பழைய பாக்கிங்கில் வந்த ஸ்பாஞ்சை விசிறி அளவுக்கு வளையமாக வெட்டி, இரட்டைப் பக்க டேப் போட்டு இடைவெளியை அடைத்தோம். இனி விசிறிக்கு வெளிக்காற்றைத் தவிர வேறு வழியில்லை. இரண்டும் சேர்ந்து 95-ல் நின்ற சிபியு 80-களின் தொடக்கத்துக்கு இறங்கியது, பிற்பகல் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாமல். சத்தமும் அடங்கியது.

அதோடு தூசி. சல்லடைத் தகடு இரண்டே மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடுகிறது. மாதம் ஒரு முறை பெயிண்ட் பிரஷ் வைத்துத் தட்டச் சொல்லியிருக்கிறேன். கடற்கரை ஓரம் குடியிருப்பவர்கள் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பூச்சு இல்லாத இரும்புத் தகடு துருப்பிடிக்கும். அலுமினியப் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அங்கே வீண் போகாது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டில் பிள்ளைகள் படிக்க, பில் கட்ட, டைப் செய்ய மட்டும் என்றால் இந்தச் சிரமமே வேண்டாம். புத்தகம் அளவு மினி பிசி வாங்கினால் முடிந்தது. இன்டெல் ‘நக்’ என்ற பெயரில் பரப்பிய வகை அது. 2023-ல் இன்டெல் விலகிக்கொண்டு அசூஸிடம் ஒப்படைத்துவிட்டது. அதே அளவில் மற்ற கம்பெனிகளும் நிறைய விற்கின்றன. ஆப்பிளின் 2024 மேக் மினி 12.7 செ.மீ. சதுரம், உயரம் 5 செ.மீ.; ஒரு லிட்டர்கூட இல்லை. ஆனால் அவற்றில் கிராபிக்ஸ் கார்டை மாற்ற முடியாது. நாலைந்து ஹார்டு டிஸ்க் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரருக்கும், 450 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கார்டு வேண்டும் என்பவருக்கும் டவர்தான் சரி. கடைக்காரர் சொன்னதை அவர்கள் கேட்கலாம்.

இடம் குறைவு, வேலை பெரிது, ஊர் மாறிக்கொண்டே இருப்பவர் என்றால் இது உங்களுக்கானது. அப்போதும் 4, 5 லிட்டர் என்று ஆசைப்பட வேண்டாம். குளிர்நாட்டில் அது அழகான சவால். நம் கோடையில் அது அடுப்பு. என் தீர்ப்பு இது: ஏசி இல்லாத அறைக்கு 10 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள். அந்த 10 லிட்டரில் சிபியு, கார்டு இரண்டும் சேர்ந்து 200 வாட்டைத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் வேகம் தேவையென்றால் 15, 18 லிட்டர் பெட்டி எடுங்கள். அதுவும் தண்ணீர் கேனைவிடச் சிறியதுதான்.

ஜூன் மாத விடுமுறைக்கு மருமகன் மதுரை போனான். உடைமாற்றுத் துணியைச் சுற்றிக் கணினியை முதுகுப் பையில் வைத்து, எழும்பூரில் தானே வைகையில் ஏறினான். இருக்கைக்கு அடியில் வைத்தானாம், மேலே வைக்கப் பயந்து. வீட்டில் டிவியிலேயே இணைத்து அக்காவுக்குத் தன் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

தமிழில் கணினி பற்றி வீடியோ போடும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள், இந்தக் கட்டுரைக்கு முன் நானே பலவற்றைப் பார்த்துக் கற்றேன். இனி எந்தப் பெட்டியைச் சோதித்தாலும் ஏசியை அணைத்துவிட்டு, மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை சோதியுங்கள். திரையில் சிபியு வெப்பத்துக்குப் பக்கத்திலேயே அறை வெப்பத்தையும் போடுங்கள். மேன்ஷன் அறையில் இருந்து அதைப் பார்க்கிற பையனுக்குத் தேவைப்படும் எண் அதுதான்.